மாருதி 800, கான்டெசா கிளாசிக்: இரண்டையும் ஓட்டிப் பார்த்த ஓராண்டு

எங்கள் வீட்டு வாசலில் இப்போது இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று, அப்பா 1997-இல் புதிதாக வாங்கிய வெள்ளை மாருதி 800. மற்றொன்று, பெரிய மாமா 1994-இல் வாங்கி, கண்பார்வை மங்கத் தொடங்கியதால் சென்ற ஆண்டு என்னிடம் ஒப்படைத்த கான்டெசா கிளாசிக் 1.8 ஜிஎல்எக்ஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், கான்டெசாவின் பானட் மட்டுமே மாருதியின் பாதி நீளத்துக்கு வந்துவிடுமோ என்று தோன்றும். மாருதியின் நீளம் 3,335 மில்லிமீட்டர். கான்டெசா அதைவிட ஒன்றேகால் மீட்டர் நீளம். அகலத்தில் கிட்டத்தட்ட 26 சென்டிமீட்டர் கூடுதல். எடையில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனாலும் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே சாலைகளுக்காகச் செய்யப்பட்டவை. கோயம்புத்தூர் நகருக்குள்ளும், பொள்ளாச்சிச் சாலையிலும், வால்பாறை மலையிலும், சென்னை வரையிலும் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி, பெட்ரோலையும் பழுதுகளையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். பழைய கார் ஒன்றை வாங்கிப் பழக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இவற்றின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்லாமல் ஒப்பீட்டுக்குள் போக முடியாது. 1983 டிசம்பர் 14 அன்று, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை அதன் உரிமையாளரிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையிலிருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா வெளிவந்தது. அதுவரை அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் விட்டால் பெரிதாக வேறு வழியில்லாமல் இருந்த நாட்டில், ஓராண்டு இடைவெளியில் ஒரு மிகச் சிறிய காரும் ஒரு மிகப் பெரிய காரும் வந்து சேர்ந்தன. இரண்டுமே வெளிநாட்டு வடிவங்கள்தாம். மாருதி, ஜப்பானில் அப்போது ஓடிக்கொண்டிருந்த சுசுகியின் சிறிய காரை ஒட்டியது. 1986-இல் அதன் உடலையே மாற்றி, இன்று நாம் எல்லோரும் அறிந்த உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கான்டெசாவோ, இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1972-இல் வெளியிட்டு 1978-இல் நிறுத்திவிட்ட விக்டர் வரிசைக் காரின் வடிவம். அதாவது, சிறிய கார் தன் காலத்தோடு சேர்ந்து வந்தது. பெரிய கார் இங்கே வந்து இறங்கியபோதே பன்னிரண்டு வயதைக் கடந்திருந்தது. இந்த வேறுபாடு இரண்டின் ஒவ்வொரு உறுப்பிலும் இன்றுவரை தெரிகிறது.

கான்டெசாவைப் பற்றிப் பேசும் பலர் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். முதலில் வந்த கான்டெசாவில் இருந்தது அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின். அதன் ஆற்றல் சுமார் 50 குதிரைத்திறன். ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள உடலை அந்த எஞ்சின் இழுக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டன்னுக்கு 42 குதிரைத்திறன் அளவுதான் வருகிறது. அதே காலத்து மாருதி 800-இல் மூன்று சிலிண்டர் கொண்ட 796 சிசி எஞ்சின். ஆற்றல் 37 குதிரைத்திறனைச் சுற்றி. எடையோ 650 கிலோவை ஒட்டியதுதான். டன்னுக்கு 57 குதிரைத்திறன் வருகிறது. ஆக, 1980-களின் நடுவில் ஒரு சிக்னலில் இந்த இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால், பச்சை விளக்கு விழுந்ததும் முன்னால் போயிருக்கக்கூடியது சிறிய கார்தான். அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் ஏறிச் சென்ற அந்தக் கம்பீரமான வண்டி, குடும்பத்துக்கான சின்னக் காரைவிட மந்தமாக நகர்ந்த காலம் ஒன்று உண்டு.

1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கான்டெசாவுக்கு வந்தபோதுதான் அந்த உடலுக்கேற்ற உயிர் கிடைத்தது. 88 குதிரைத்திறன் என்பது அன்றைய இந்தியக் கார்களில் பெரிய எண். டன்னுக்கு 73 குதிரைத்திறன் என்ற கணக்கு வருகிறது. மாமா வாங்கியது இந்த வகைதான். எனவே நான் இனிச் சொல்லப்போவது இசுசூ பெட்ரோல் எஞ்சின் கொண்ட கான்டெசாவைப் பற்றி மட்டுமே. பழைய 1.5 வகையையோ, பின்னாளில் வந்த டீசல் வகையையோ வாங்க நினைப்பவர்கள் இந்தக் கருத்துகளை அவற்றின் மீது ஏற்றிப் பார்க்க வேண்டாம். உடல் ஒன்றுதான் என்றாலும் ஓட்டத்தில் அவை முற்றிலும் வேறு வண்டிகள்.

நகரத்துக்குள் ஓட்டுவதில் ஒப்பிடவே ஒன்றும் இல்லை. டவுன்ஹாலைச் சுற்றியுள்ள தெருக்களையும் ஒப்பணக்காரத் தெருவையும் அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாருதியில் உட்கார்ந்தால் நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணாடிகள் பெரியவை, தூண்கள் மெல்லியவை, பானட் கீழே சரிந்து மறைந்துவிடுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே, அதன் 12 அங்குலச் சக்கரங்கள் விரல்களின் சொல்லுக்குத் திரும்புகின்றன. இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே கிடைக்கும் இடத்தில்கூட வண்டியை நிறுத்திவிட்டு இறங்கலாம். கான்டெசாவை அதே தெருவுக்கு ஒருமுறை கொண்டுபோனேன், மறுமுறை கொண்டுபோகவில்லை. எங்கள் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் அதைத் திருப்புவதற்குத் தோள்பட்டையின் வலு முழுவதும் வேண்டும். பானட்டின் முனை எங்கே முடிகிறது என்பதை உணர எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. மாமாவோ அந்த வண்டியை ஒரு கையால் பின்னோக்கி எடுத்து, வாசல் தூணுக்கு ஒரு சாண் விட்டு நிறுத்துவார். முப்பது ஆண்டுப் பழக்கம் அது. எனக்கு இன்னும் வரவில்லை.

மலைப்பாதைதான் இரண்டின் இயல்பையும் திறந்து காட்டியது. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதிலிருந்து வால்பாறை போகும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதலில் மாருதியில் போனோம். நானும் மனைவியும் முன்னால், அப்பாவும் அம்மாவும் பின்னால், ஆளுக்கொரு பை. நான்கு பெரியவர்களை ஏற்றியதும் அந்தச் சின்ன எஞ்சின் தன் எல்லையை உடனே தெரிவித்துவிடுகிறது. 650 கிலோ வண்டியில் 280 கிலோ ஆட்கள் ஏறினால், வண்டியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிட்டது என்று பொருள். ஏசியை அணைத்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே பெரும்பாலான ஏற்றத்தை ஏறினோம்; வளைவின் உள்பக்கத்தில் முதல் கியர் தேவைப்பட்ட இடங்களும் உண்டு. எங்கள் மெக்கானிக் அண்ணன் புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்: “தம்பி, மலையில இந்த வண்டிகிட்ட ஆக்சிலேட்டரைக் கேக்காதீங்க, கியரைக் கேளுங்க.” அந்தச் சொல்லை மதித்து ஓட்டினால் மாருதி 800 எந்த மலையையும் ஏறிவிடும். வளைவுகளில் அதன் குறுகிய உடல் ஒரு வரம். எதிரே அரசுப் பேருந்து வந்தாலும் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது. எந்த வளைவிலும் ஒரே திருப்பலில் திரும்பிவிடுகிறது. ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சி முனையில் நிறுத்தி, எஞ்சின் சூடு தணியும் வரை ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து அதே பாதையில், அதே நால்வருடன், கூடவே மாமாவையும் அழைத்துக்கொண்டு கான்டெசாவில் போனேன். ஏற்றத்தில் அதன் இழுவை மனத்துக்கு நிறைவாக இருந்தது. இரண்டாவது கியரில் வளைவைத் தாண்டி, மூன்றாவதுக்கு மாற்றினால் எஞ்சின் திணறாமல் ஏற்றுக்கொள்கிறது. ஐந்து பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதை வண்டி பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. 1,200 கிலோவோடு 350 கிலோ சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதானே. ஆனால் வளைவுகளே சிக்கல். முன், பின் சக்கரங்களுக்கு நடுவேயுள்ள 2,667 மில்லிமீட்டர் இடைவெளியும் நீண்ட பானட்டும் சேர்ந்து, கொண்டை ஊசி வளைவில் எதிர்ப்பக்கத்துத் தடத்தையும் கேட்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக ஒலி எழுப்பி, எதிரே வண்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டே திருப்ப வேண்டியிருந்தது. இறக்கத்தில் இன்னும் கவனம் தேவை. முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தாலும், அவ்வளவு எடையை 40 வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கக்கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று மாமா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். கீழே வந்து சேர்ந்தபோது என் கைகள் ஓய்ந்திருந்தன; பின்னால் இருந்தவர்களோ நன்றாகத் தூங்கியிருந்தார்கள். மாருதிப் பயணத்தில் அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி வந்தது, கான்டெசாவில் வரவில்லை. அதற்கு வண்டிதான் காரணம் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார், நானும் நம்புகிறேன்.

நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் தராசு முழுவதுமாகக் கான்டெசாவின் பக்கம் சாய்கிறது. கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை, சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஐந்தாவது கியரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எஞ்சின் முணுமுணுப்பாக மட்டுமே கேட்கிறது. நீண்ட சக்கர இடைவெளியும் எடையும் சேர்ந்து, பாலங்களின் இணைப்புகளையும் சிறு பள்ளங்களையும் மென்மையாக விழுங்குகின்றன. ஒரு லாரியைக் கடக்க நினைத்தால் நான்காவதுக்கு இறக்கி அழுத்தினால் போதும். முப்பது வயதான வண்டி என்பது அப்போது நினைவுக்கே வருவதில்லை. பக்கவாட்டில் சாய்வது உண்மைதான். இன்றைய கார்களைப்போல வளைவை இறுகப் பற்றி ஓடாது. திருப்பங்களில் படகு திரும்புவதுபோல நிதானமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அதன் இயல்புக்கேற்ற வேகத்தில் ஓட்டுபவருக்கு அது குறையாகத் தெரியாது.

மாருதியிலும் சென்னைக்குப் போனேன். எங்கள் வண்டியில் கியர்கள் நான்குதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் எரிபொருள் பீய்ச்சும் முறையோடு வந்த 45 குதிரைத்திறன் வகையில்தான் ஐந்தாவது கியர் வந்தது. ஆகவே 80 கிலோமீட்டரைத் தொட்டதும் எஞ்சின் இனி ஒரு கியர் வேண்டும் என்று கேட்பதுபோல ஒலிக்கிறது. ஆனால் கொடுக்கக் கியர் இல்லை. அருகே ஆம்னி பேருந்து கடந்தால் வண்டி அரையடி நகர்கிறது. பொள்ளாச்சிச் சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டினால், காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளியில், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதற்கு இந்த வண்டியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து, வேகத்தை 60-க்குக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். முந்திச் செல்வதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எதிரே இடம் தெரிந்த பிறகு முடிவெடுத்தால் தாமதம். இருந்தாலும், காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மூன்று இடங்களில் நிறுத்தி, எந்தத் தொல்லையும் இல்லாமல் பிற்பகலில் சென்னை போய்ச் சேர்ந்தோம். கான்டெசா எடுத்துக்கொண்ட நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம்தான் அதிகம். வந்து இறங்கியபோது இருந்த களைப்புதான் அதற்கு மேலான வேறுபாடு.

உட்காரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டையும் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதை நினைத்தே வாங்கினார்கள். கான்டெசாவின் பின்னிருக்கை ஒரு வரவேற்பறை. மூன்று பெரியவர்கள் பட்டுப்புடவை கசங்காமல் உட்காரலாம், கால்களை நீட்டலாம். எங்கள் குடும்பத்தில் நான்கு மணப்பெண்கள் அந்த இருக்கையிலிருந்துதான் மண்டபத்தில் இறங்கியிருக்கிறார்கள். டிக்கியில் சீர்வரிசைத் தட்டுகளைக் கலைக்காமல் வைக்கலாம். மாருதியின் பின்னிருக்கையில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்பதே நியாயமான கணக்கு. டிக்கி என்பது பள்ளிப்பைகளுக்கான இடம். ஆயினும் 3.3 மீட்டருக்குள் நான்கு கதவுகளையும் நான்கு இருக்கைகளையும் அமைத்த அந்த வடிவமைப்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியதால், கான்டெசாவில் நடுவே ஓடும் தண்டுக்காக விட்ட மேடு இங்கே தேவைப்படவில்லை. கிடைத்த ஒவ்வோர் அங்குலமும் ஆட்களுக்குப் போயிருக்கிறது. பெரிய காரில் நீளத்தின் பெரும்பகுதி பானட்டுக்கும் டிக்கிக்கும் போய்விடுகிறது.

பெட்ரோல் கணக்கை நோட்டிலிருந்தே தருகிறேன். மாருதி நகரத்துக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் ஓட்டினால் 19. கான்டெசா நகரத்துக்குள் 7, நெடுஞ்சாலையில் 10-க்குச் சற்று மேல். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி விற்கும் இந்நாளில், நகரத்துக்குள் மாருதி ஒரு கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குள் முடித்துவிடுகிறது. கான்டெசாவுக்கு பதினான்கு ரூபாய்க்கு மேல். தினமும் அலுவலகம் போய்வரக் கான்டெசாவை வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஐந்து பேர் சேர்ந்து சென்னை போவதானால் மட்டும் ஆளுக்கான செலவு பேருந்துக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

பராமரிப்புதான் பழைய கார்களின் உண்மையான சோதனை. மாருதி 800 கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்து, 27 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதே 796 சிசி எஞ்சின் மாருதியின் ஆம்னி வேனிலும் ஓடியது. ஆம்னி 2019 வரை வந்தது. ஆகவே கிளட்ச் தட்டு, வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கார்புரேட்டர் கிட் என்று எதைக் கேட்டாலும் பொள்ளாச்சியிலும் கிடைக்கிறது, உடுமலையிலும் கிடைக்கிறது. பட்டறையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் அந்த எஞ்சின் தெரியும். இந்த ஓராண்டில் மாருதிக்கு நான் செய்த பெரிய வேலை, முன்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றியதும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததும்தான்.

கான்டெசாவின் நிலை வேறு. 2002-இல் உற்பத்தி நின்றது. எஞ்சினுக்கான பொருள்களைத் தேடினால் கிடைத்துவிடுகின்றன. ஆனால் கண்ணாடி, பின்விளக்கு, கதவு ரப்பர், குரோம் பட்டை, முன்பக்க கிரில் போன்ற உடல் சார்ந்த பொருள்களுக்கு உடைத்து விற்கும் பழைய வண்டிகளைத்தான் நம்ப வேண்டும். பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். வண்டி என் கைக்கு வந்த புதிதில், சிக்னல்களில் நின்றால் சூடேறியது. நகரிலுள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். ரேடியேட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “இனிச் சூடாகாது” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் ஆவி கக்கியபடி நின்றது. பிறகு எங்கள் பழைய மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரை முழுவதும் கழற்றி, முப்பது ஆண்டு உப்பைச் சுரண்டி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தினார். அதன் பிறகு சித்திரை வெயிலிலும் முள் நடுவைத் தாண்டவில்லை. இந்த வண்டியின் எஞ்சினையும் ஏற்பாடுகளையும் அறிந்த, அவசரப்படாத ஒரு மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவர்கள் கான்டெசாவை வாங்க வேண்டாம் என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியதில் முதன்மையானது துரு. பெயிண்டின் மினுமினுப்பை நம்பாமல், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் உதிரிச் சக்கரத்தைக் கழற்றி அதன் அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறத்தில் விளக்கடித்துப் பாருங்கள். எங்கள் கான்டெசா மூன்று மழைக்காலம் கூரையில்லாமல் நின்றதால், ஓட்டுநரின் காலடித் தகடு முழுவதையும் வெட்டியெடுத்து டிங்கர் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலைக்குச் செலவான பணத்தில் மாருதியின் எஞ்சினையே பிரித்துக் கட்டியிருக்கலாம். அடுத்தது, ஆர்சி புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் எரிபொருள் வகையையும் வண்டியோடு ஒப்பிடுவது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாற்றிய கான்டெசாக்களை நானே பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறாமல் இருந்தால், வாங்கியவர்தான் ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இரண்டு வண்டிகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து இளகச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்க்கின் அடியில் சேர்க்கும். எனவே பெட்ரோல் குழாய்களையும், பம்ப்பின் ரப்பர்த் தகட்டையும், கார்புரேட்டரின் வாஷர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது நல்லது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். தினமும் ஓடும் மாருதியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் கான்டெசாவில், டேங்க்கிலிருந்து வந்த துருத்தூள் இரண்டு முறை பில்டரை அடைத்துவிட்டது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துகிறேன்.

சட்டப்படி இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பதிவு செய்து 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது; 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. 50 வயதான வண்டிகளுக்குத்தான் பழம்பெரும் வாகனம் என்ற தனிப்பதிவு கிடைக்கும். இந்தியாவின் முதல் மாருதிக்கே அந்தத் தகுதி 2033-இல்தான் வரும். அதுவரை இவை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார்களே. டெல்லிப் பகுதிக்கு இடம் மாறும் எண்ணம் உள்ளவர்கள், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே உள்ள கட்டுப்பாட்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன். இரண்டிலும் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. கான்டெசாவின் கனமான தகடு ஒரு தைரியத்தைத் தருகிறது. மாருதியின் கதவை மூடும்போது எழும் மெல்லிய ஒலி ஒரு பயத்தைத் தருகிறது. இரண்டு உணர்வையும் நம்பி ஓட்டக்கூடாது. மாருதியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் தெளிவானது. ஒரே ஒரு பழைய கார், அதைத் தினமும் ஓட்ட வேண்டும், செலவு கைக்குள் இருக்க வேண்டும் என்றால் மாருதி 800. அதிலும் 2000-க்குப் பிறகு வந்த ஐந்து கியர் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். நான்கு கியர் வண்டியின் எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் அந்த ஐந்தாவது கியர் இல்லாத குறையை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன். தினசரிக்கு வேறொரு வண்டியும், கூரையுள்ள நிறுத்துமிடமும், பொறுமையான மெக்கானிக்கும், பொருள் தேடி அலையும் ஆர்வமும் உள்ளவர்கள் மட்டும் இசுசூ எஞ்சின் கொண்ட கான்டெசாவைத் தேடுங்கள். வேகத்துக்காக மட்டும் அதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்றைய எந்தச் சிறிய காரும் அதை எளிதாக முந்திவிடும். பின்னிருக்கையில் பெரியவர்களை உட்காரவைத்து, அதிகாலையில் நீண்ட சாலையில் 90-ஐத் தாண்டாமல் போகும்போது கிடைக்கும் அமைதிக்காக வாங்குங்கள். இன்றைய கார்களில் அதே விலைக்கு அந்த அமைதியை நான் கண்டதில்லை.

எங்கள் மாருதியின் பதிவு 2027-இல் புதுப்பிப்புக்கு வருகிறது. அதற்கான வேலைகளை இப்போதே தொடங்கிவிட்டேன்: பின்சக்கர பிரேக் ஷூக்கள், கைபிரேக் கேபிள், சைலன்சரின் பின்பாதி. கான்டெசாவுக்கு 2029 வரை நேரம் இருக்கிறது. மாமா ஒவ்வொரு ஞாயிறும் வந்து, அதன் பானட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும் ஓசையைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுப் போகிறார்.